முட்டுக்கட்டையும் வேண்டும்

தேர்த் திருவிழா நாளில் எல்லோருடைய கண்களும் மேலேயே இருக்கும். சிகரமும் சீலையும், நடுவே எழுந்தருளியிருக்கும் மூர்த்தியுமே காட்சி. வடம் பிடிப்போரின் ஆரவாரம் காதை நிறைக்கும். ஆயினும், கீழே சில்லுகளின் அருகே குனிந்த வண்ணம், கையில் மரக்கட்டையோடு உடன் செல்லும் நாலைந்து பேரை நம்மிற் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வீதியின் மூலையிலே தேர் திரும்புவதும், இருப்பிடம் வந்ததும் நிற்பதும் அவர்கள் வைக்கும் முட்டுக்கட்டையினாலேயே. இழுப்பவர் பல நூறு பேர். நிறுத்துபவர் நாலு பேர். இருந்தும் உலக வழக்கில் "முட்டுக்கட்டை போடுகிறான்" என்றால் அது வசைச் சொல்லாகிவிட்டது. ஓடுவதைப் போற்றி நிறுத்துவதை இகழ்வது மனித இயல்பு போலும்.

சைக்கிளிற் பூட்டப்பட்டிருக்கும் பிறேக் கட்டையும் அந்த முட்டுக்கட்டையின் வழித்தோன்றலே. இன்று இப்பகுதியில் அதைப் பற்றியே பேச எண்ணுகிறோம். "இதுவும் ஒரு விடயமா?" என்று கேட்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்திருந்து முழுவதையும் வாசிப்பார்களாக. இது ஒரு மாணவனின் உயிரோடு சம்பந்தப்பட்ட விடயமாக எம்மிடம் வந்தது.

எம்மிடம் பௌதிகம் பயிலும் மாணவன் ஒருவன், விடுமுறைக்கு முந்திய வாரம், ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு எமது வீட்டுக்கு வந்தான். சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்த அவனுடைய சித்தப்பா, திரும்பிப் போகும்போது அவனுக்கென விட்டுச் சென்ற பந்தயச் சைக்கிள் அது. ஒரு கையால் தூக்கலாம், அவ்வளவு இலேசு. அதன் சில்லுகளின் றிம் வெள்ளியைப் போல் மின்னவில்லை. கரிய நிறமாய், அகன்று, தட்டினால் மரப்பலகையைத் தட்டியது போன்ற மந்தமான ஓசை எழுப்பியது. காபன் நாரினாற் செய்த றிம் அது. நண்பர் மூவருடன் நுவரெலியாவுக்குச் சைக்கிள்களை வானில் ஏற்றிச் சென்று, அங்கிருந்து கண்டி வரையில் மலையிறங்கி வருவதென்று திட்டம் போட்டிருந்தான்.

"பிறேக் கட்டை தேய்ஞ்சு போச்சு, சேர். பழைய சைக்கிளிலை கிடந்த கட்டையைக் கழற்றிப் பூட்டியிருக்கிறன். நல்லாய்ப் பிடிக்குது," என்றான். "இந்த றிம்முக்கு ஏற்ற கட்டைதானா அது?" என்று கேட்டோம். "கட்டை கட்டைதானே, சேர்? எல்லாம் றப்பர்தானே?" என்று சிரித்தான். கட்டையைப் பூட்டிக் கொடுத்த சைக்கிள் கடைக்காரரையும் பின்னர் கண்டு பேசினோம். அவர் எமது ஊரில் எல்லோராலும் மதிக்கப்படும் கைத்தொழிலாளர். "மாஸ்ரர், முப்பது வருசமாய்க் கட்டை மாத்துறன், ஒருத்தரும் விழேல்லை," என்றார்.

இருவர் சொன்னதும் பொய்யன்று. எமது மண்ணில் அது உண்மையாகவே இருந்தது. 1990களில், எரிபொருள் வராத காலத்தில், யாழ்ப்பாணம் சைக்கிளின் மேலேயே வாழ்ந்தது. நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் சைக்கிளிலேயே சென்றன. உதிரிப் பாகம் கிடையாது. பழைய ரயரைத் துண்டாக வெட்டிப் பிறேக் கட்டையாக்கியவர்களும், செருப்பின் அடியைப் பின்சில்லில் அழுத்திச் சைக்கிளை நிறுத்தியவர்களும் நம்மிடையே இன்றும் உள்ளனர்; அவர்களுள் யாமும் ஒருவர். இல்லாததைக் கொண்டு இருப்பதைச் சமாளிக்கும் அந்தப் பழக்கம் எம்மை வாழவைத்தது; அதை இகழ எமக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பழக்கத்துக்கு இரண்டு துணைகள் இருந்தன. ஒன்று, எமது ஊர் தட்டையானது. மற்றது, எமது றிம் இரும்பு. இவ்விரண்டும் மாறிய இடத்தில் அப்பழக்கம் உதவாது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பிறேக் என்ன செய்கிறது என்பதை முதலில் ஆராய்வோம். ஓடும் சைக்கிளிடம் சக்தி உண்டு. சக்தியை அழிக்க எவராலும் இயலாது; ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றலாம். கட்டை றிம்மை உராயும்போது ஓட்டத்தின் சக்தி வெப்பமாக மாறுகின்றது. ஆகவே பிறேக் என்பது உண்மையில் ஓர் அடுப்பு. தட்டையான வீதியில் அது எப்போதாவது ஒரு கணம் எரிந்து அணையும் அடுப்பு. மலையிறக்கத்திலோ அது மணிக்கணக்காக எரியக்கூடியது.

மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓட்டுபவனும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோகிராம் என்போம். ஆயிரம் மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால் வெளியாகும் அழுத்த சக்தி 80 ஐ 9.8 ஆலும் 1000 ஆலும் பெருக்கி வருவது. அதாவது 784,000 யூல். 30 பாகையில் உள்ள ஓர் இலீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 293,000 யூல் போதும். எனவே அந்த இறக்கத்தின் சக்தி இரண்டரை இலீற்றருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கும். நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். வழியிலே ஏற்றமும் இறக்கமும் கலந்திருக்கும் என்றாலும், மொத்தத்தில் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கியே ஆகவேண்டும். அச்சக்தியிற் பெரும் பங்கைக் காற்றுத் தடுத்து வாங்கிக்கொள்ளும். மீதியை வாங்க வேண்டியவை, விரல் நீளமுள்ள நாலு கட்டைகளும் இரண்டு றிம்களுமே.

இனி, றிம்மின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ஐரோப்பாவில் பந்தயச் சைக்கிள்களின் றிம் நெடுங்காலம் மரத்தாலேயே செய்யப்பட்டது. மர றிம்முக்கு றப்பரைக் காட்டிலும் தக்கைக் கட்டை ஏற்றதென்று கண்டனர். தக்கை என்பது போத்துக்கல், ஸ்பெயின் முதலிய நாடுகளில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டை. இலேசானது, வெப்பத்தை எளிதிற் கடத்தாதது. பின்னர் அலுமினியக் கலப்புலோக றிம் வந்தது. 1934 ஆம் ஆண்டு தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் வென்ற அந்தோனன் மாஞ் என்னும் பிரெஞ்சு வீரர் மவிக் கம்பனியின் உலோக றிம்மைப் பாவித்தார் என்றும், பிறர் அறியாவண்ணம் அதற்கு மரத்தின் நிறம் பூசப்பட்டிருந்தது என்றும் அக்கம்பனியார் தம் வரலாற்றிற் சொல்லுவர். எமது நாட்டு வீதிகளிலே பழைய றாலி, ஹம்பர் சைக்கிள்களில் நாம் கண்டது குரோமியம் பூசிய உருக்கு றிம். அது நனைந்தால் கட்டை பிடிக்காது என்பதை மாரியிற் பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவரும் அறிவர்.

ஒவ்வொரு றிம்முக்கும் ஒவ்வொரு கட்டை உரியதாயிற்று என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது. மரத்துக்குத் தக்கை, உலோகத்துக்கு றப்பர். காபன் றிம் வந்தபோது கம்பனிகள் சில மீண்டும் தக்கையையே நாடின. ஒருநூற்றாண்டுப் பழமையான பொருள் மிகப் புதிய றிம்முக்குத் துணையாக வந்ததைக் காணும்போது, பழையன எல்லாம் கழிவன அல்ல என்று எண்ணத் தோன்றுகிறது.

காபன் றிம் ஏன் தனிக்கட்டை கேட்கிறது? அதன் உடல் இரண்டு பொருள்களால் ஆனது. ஒன்று, தலைமயிரிலும் நுண்ணிய காபன் நார். மற்றது, அந்நார்களை ஒன்றாகப் பிணைக்கும் எபொக்சிப் பிசின். நார் மிகுந்த வெப்பத்தையும் தாங்கும்; பிசின் தாங்காது. ஒவ்வொரு பிசினுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதைக் கடந்தால் அது உருகி ஓடாவிட்டாலும், கண்ணாடி போலிருந்த தன் விறைப்பை இழந்து இளகத் தொடங்கும். சாதாரண வகைகளில் அது நூறு பாகை செல்சியசுக்குச் சற்று மேலே. நல்ல வகைகளில் இருநூறு பாகையை அண்டியும் அதற்கு அப்பாலும் இருக்கும். றிம்மின் வலிமை நாரில் இருந்தாலும், அதன் உயிர் பிசினில் இருக்கின்றது.

இதோடு இன்னொரு குறையும் சேரும். அலுமினியம் வெப்பத்தை விரைவிற் கடத்தும். கட்டை தொட்ட இடத்திற் பிறந்த வெப்பம் றிம் முழுவதும் பரவிக் காற்றிற் கலந்துவிடும். காபன் றிம்மிலோ, அதன் தடிப்பினூடே வெப்பம் கடந்து செல்லும் வேகம் அலுமினியத்தின் நூற்றிலொரு பங்குக்கும் குறைவு. எனவே வெப்பம் கட்டை உராயும் ஓரத்திலேயே தங்கித் தங்கி ஏறும். அந்த ஓரத்தைத்தான் ரயரும் உள்ளிருந்து தள்ளுகின்றது. விளிம்பிலே மாட்டிக்கொள்ளும் சாதாரண வகை ரயருக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் காற்றடித்திருந்தால், அத்தனை அமுக்கமும் றிம்மின் இரு சுவர்களையும் வெளியே பிதுக்கப் பார்க்கும். பிசின் விறைப்பாக இருக்கும் மட்டும் சுவர் அசையாது. இளகினால் சுவர் பிதுங்கும், படை பிரியும். ரயர் கழன்றால் மலைவீதியின் வளைவிலே என்ன நேரும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. றிம்மோடு பசை கொண்டு ஒட்டப்படும் ரயர் வகையில் இப்பிதுக்கம் இல்லை. ஆனால் அங்கே சூட்டினால் அந்தப் பசை இளகும் ஆபத்து உண்டு.

காபன் றிம்முக்கென்று செய்யப்படும் கட்டையின் கடமை இப்போது தெளிவாகும். அது போதிய பிடிப்பைத் தர வேண்டும். ஆனால் வெப்பத்தை ஓரிடத்திற் குவிக்கக் கூடாது. சூடேறினாலும் இளகி றிம்மில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. றிம்மின் மேற்பரப்பை அரிக்கக் கூடாது. அலுமினியத்துக்கென்று செய்த சாதாரண றப்பர்க் கட்டை இந்நிபந்தனைகளை நிறைவேற்றாது. தக்கைக் கட்டை றிம்முக்கு மென்மையானது; ஆனால் விரைவில் தேயும், நனைந்தால் பிடிப்புக் குறையும். அதனால் பல கம்பனிகள் வேறு சேர்மானங்களைக் கலந்து காபனுக்கெனத் தனிக் கட்டைகளை ஆக்கியுள்ளன.

எதைத் தேர்ந்தெடுப்பது? இதற்கு நாம் சொல்லக்கூடிய விதி ஒன்றே: சில்லைச் செய்தவர் எந்தக் கட்டையைப் பாவிக்கச் சொல்கிறாரோ அதையே பாவிக்க வேண்டும். காரணம், காபன் றிம் என்ற பெயர் ஒன்றாயினும் பிசினும், மேற்பரப்பும் கம்பனிக்குக் கம்பனி வேறு. ஒரு றிம்மில் அமைதியாகப் பிடிக்கும் கட்டை இன்னொன்றிற் கூச்சலிடும், அல்லது அளவுக்கு மிஞ்சிச் சூடேற்றும். வேறு கட்டையைப் பூட்டிப் பழுதான றிம்முக்கு உத்தரவாதம் செல்லாது என்று கம்பனிகள் எழுதி வைப்பதும் இதனாலேயே. இவ்விதி காபனுக்கு மட்டும் உரியதன்று. மவிக் கம்பனியின் எக்சாலித் என்னும் வகை அலுமினிய றிம்முக்குங்கூட, மேற்பரப்பைத் தனிமுறையிற் பதப்படுத்தியிருப்பதால், தனிக் கட்டையே உரியது.

நிறத்தைக் கண்டு ஏமாறலாகாது. கம்பஞோலோ என்னும் இத்தாலியக் கம்பனி தன் காபன் சில்லுகளுக்குச் சிவப்புக் கட்டை தருகின்றது. சுவிஸ்ஸ்ரொப் என்னும் கம்பனியின் காபன் கட்டைகளுள் ஒன்று கரியது. அதே கம்பனியின் நீலக் கட்டை அலுமினியத்துக்கு உரியது. ஆனால் கடையில் தொங்கும் சாதாரண றப்பர்க் கட்டையும் கரியதே. ஆகையால் நிறம் சாட்சியாகாது. பொதியில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். "காபனுக்கு உரியது" என்று எழுதாத கட்டை காபனுக்கு உரியதன்று.

எமது மாணவனின் கட்டைக்கு வருவோம். அவற்றைக் கழற்றச் செய்து, ஒரு கைவில்லையை அவனிடம் கொடுத்து, "பார்த்துச் சொல்," என்றோம். அவன் நெடுநேரம் பார்த்தான். கரிய றப்பரின் உள்ளே, பாயிற் புதைந்த மணல் போல, வெள்ளியாய் மின்னும் துணுக்குகள் இருந்தன. அவை பழைய சைக்கிளின் அலுமினிய றிம்மிலிருந்து உரிந்து கட்டையிற் பதிந்தவை. உலோக றிம்மில் ஓடிய கட்டை ஒவ்வொன்றும் இவ்வாறு உலோகத்தைச் சுமந்துகொண்டிருக்கும். அத்தகைய கட்டையைக் காபன் றிம்மில் அழுத்தினால் அது பிறேக் கட்டையன்று, அரம். ஊரில் இரண்டு நாள் ஓடியதிலேயே அந்த விலையுயர்ந்த றிம்மின் ஓரத்தில் மெல்லிய கீறல்கள் வட்டமாக விழுந்திருந்தன. விரலால் தடவிப் பார்த்ததும் மாணவனின் முகம் மாறிற்று. ஆதலால், காபனுக்கும் அலுமினியத்துக்கும் ஒரே கட்டையை மாற்றி மாற்றிப் பூட்டுவது எக்காலத்தும் ஆகாது. இருவகைச் சில்லும் வைத்திருப்பவர் இருவகைக் கட்டையும் தனித்தனி டப்பாவில், பெயரெழுதி வைத்துக்கொள்வது நன்று.

சரியான கட்டை கிடைத்தால் மட்டும் போதாது; சரியாகப் பூட்டவும் வேண்டும். கட்டையைத் தாங்கும் கூட்டின் ஒரு முனை அடைத்தும் மறுமுனை திறந்தும் இருக்கும். அடைத்த முனை சைக்கிள் செல்லும் திசையை, அதாவது முன்புறத்தை, நோக்க வேண்டும். மாறிப் பூட்டினால், பிறேக்கை அழுத்தும்போது சில்லின் சுழற்சி கட்டையைக் கூட்டிலிருந்து வெளியே இழுத்துவிடும். கட்டை ரயரை எள்ளளவும் தொடலாகாது. தொட்டால் ரயரை அறுக்கும். றிம்மின் கீழ்விளிம்புக்கு அப்பாலும் தொங்கலாகாது. கட்டையின் முன்முனை ஒரு மில்லிமீற்றருக்குட்பட்ட அளவு முந்தித் தொடும்படி சற்றே சாய்த்து வைத்தால் கூச்சல் குறையும். றிம்மை அற்ககோல் நனைத்த தூய துணியால் துடைக்க வேண்டும். சங்கிலிக்கு விடும் எண்ணெய் ஒரு துளியும் அதில் படக்கூடாது. புதிய கட்டையை, தட்டையான வீதியில் பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாக அழுத்தி விட்டுப் பழக்கிய பின்னரே இறக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்து, பதிந்த மணலை ஊசியால் எடுத்து, மேற்பரப்பு பளபளத்து இறுகியிருந்தால் அரத்தாளினால் தேய்த்துவிட வேண்டும். கட்டையில் உள்ள கோடு மறையுமுன் அதை மாற்றிவிட வேண்டும்.

ஓட்டும் முறையிலும் பாதி காவல் இருக்கிறது. பயந்தவர் பிறேக்கை விடாது அழுத்தியபடியே இறங்குவர். அதுவே காபன் றிம்முக்குப் பெருங்கேடு. எட்டு வீதச் சரிவில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவனிடமிருந்து காற்று ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சக்தியைத் தானே வாங்கிக்கொள்ளும். அதே சரிவில் 20 கிலோமீற்றர் வேகத்தில் கட்டையை உரசிக்கொண்டே செல்பவனிடம் பத்தில் ஒரு பங்கைத்தான் வாங்கும். மீதி முழுவதும் றிம்முக்கே. ஆகவே பாதுகாப்பான நேர்வீதியில் நிமிர்ந்திருந்து, நெஞ்சிலே காற்றை வாங்கி, சைக்கிளை ஓடவிட வேண்டும். வளைவு வருமுன்பே முன்னும் பின்னுமாக இரு பிறேக்கையும் உறுதியாக அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். விட்டிருக்கும் நேரத்திலேயே றிம் ஆறும். வேகத்தை விட மனம் அஞ்சுமானால், வெட்கப்படாமல் இடையிடையே இறங்கி நின்று ஆறவிடுவதே அறிவு. மழையிலோ, முதற் சில சுற்றுக்கள் றிம்மின் நீரைத் துடைப்பதிலேயே கழியும். பிடிப்புப் பின்னரே வரும். அந்தத் தாமதத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

"அப்படியானால் காபன் றிம் வாங்கவே கூடாதா?" என்று பெற்றோர் கேட்கலாம். பந்தயத்துக்கும் சமவெளிக்கும் அது சிறந்ததே. ஆனால் மலையும் மழையும் மிகுந்த வழிக்கு, கட்டையால் நிறுத்தும் சைக்கிளாயின், நல்ல அலுமினிய றிம் குறைந்த விலையிலேயே நிறைந்த காவல் தரும். உலகப் பந்தய வீரர்களும் இப்போது பெரும்பாலும் றிம்மைப் பிடிக்காமல் சில்லின் நடுவேயுள்ள உலோகத் தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிறேக்குக்கு மாறிவிட்டனர். பரீட்சார்த்தமாக இருந்த அதை 2018 ஆம் ஆண்டு யூலை மாதம் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் வீதிப் பந்தயங்களுக்கு முறையாக அனுமதித்தது. ஆயினும் காபன் றிம்மும் கட்டையும் கொண்ட சைக்கிள்கள் உலகெங்கும் இன்னும் ஓடுகின்றன. வெளிநாட்டு உறவினர் விட்டுச் செல்லும் சைக்கிளாகவும், இரண்டாம் கையாக வாங்கும் சைக்கிளாகவும் அவையே எமது பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்கின்றன. சைக்கிள் வரும், அதைப் பற்றிய அறிவு கூட வருவதில்லை. கொடுக்கும் உறவினர் ஒரு சோடி உரிய கட்டையையும், ஒரு துண்டுக் கடுதாசியில் நாலு வரியையும் சேர்த்துக் கொடுப்பாராயின் அதுவே பெரிய அன்பளிப்பாகும்.

மாணவனின் சித்தப்பாவோடு அன்றிரவே தொலைபேசியிற் பேசினோம். உரிய கட்டை எதுவென்று அவர் உடனே சொன்னார். ஊருக்கு வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவதாகவும் ஏற்றார். ஆனால் அது வந்து சேர மூன்று வாரம் ஆகும். பயணமோ வரும் சனிக்கிழமை. நண்பர்கள் காத்திருக்க மாட்டார்கள். மாணவன் தலை குனிந்திருந்தான். "போகாதே" என்று சொல்வது எமக்கு எளிது. அவன் தாயாரும் அதையே எதிர்பார்த்தார். ஆனால் பதினெட்டு வயதில் மலையைக் காண விரும்புபவனை வீட்டிலே கட்டி வைப்பது கல்வியன்று. "முடிவை நீயே சொல், கணக்கு உன் கையிலேயே இருக்கிறது," என்றோம்.

மறுநாட் காலையில் அவன் அந்தச் சைக்கிள் கடைக்குப் போனான். தன் பழைய சைக்கிளின் அலுமினியச் சில்லுகள் இரண்டையும் புதிய சைக்கிளிற் பூட்டித் தரும்படி கேட்டான். கடைக்காரர் கேபிளைத் திருத்தி, சில்லை நேராக்கி, புதிய றப்பர்க் கட்டை நாலையும் பூட்டினார். காசு வாங்கும்போது, "தம்பி, அந்தக் கறுத்த றிம்முக்கு உரிய கட்டை வந்தால் எனக்கும் ஒருக்கால் காட்டு, நானும் அறியவேணும்," என்றாராம். முப்பது வருட அனுபவசாலி ஒருவர் அவ்வாறு கேட்டது எமக்குப் பெருமதிப்பை உண்டாக்கிற்று. அறியாமை குற்றமன்று, அறிய மறுப்பதே குற்றம்.

காபன் சில்லுகள் வீட்டு அறையிலே சுவரிற் சாத்தியிருக்க, அவன் மலைக்குப் போய் வந்தான். நண்பர்கள் "கிழட்டுச் சில்லு" என்று கேலி செய்தார்களாம். திரும்பி வந்து எம்மைக் கண்டபோது அவன் வீழ்ச்சியையும் தேயிலைத் தோட்டத்தையும் வருணிக்கவில்லை. வலக்கைச் சுட்டுவிரலை நீட்டிக் காட்டினான். நீண்ட இறக்கத்தின் அடியில் இறங்கி நின்று, எமது கணக்கு மெய்தானோவென்று பார்க்க, றிம்மைத் தொட்டிருக்கிறான். "சுட்டுப்போட்டுது, சேர். அலுமினியமே இப்படிச் சுடுமெண்டால்..." என்று தொடங்கியவன் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

உரிய கட்டைகள் இப்போது வந்து சேர்ந்துவிட்டன. கடைக்காரரும் மாணவனுமாகச் சேர்ந்து அவற்றைப் பூட்டியதை நாம் அருகிருந்து பார்த்தோம். எமது ஊர்த் தட்டை வீதியிலே அந்தக் கரிய சில்லுகள் இன்று ஓசையின்றி ஓடுகின்றன. பிடித்த இடத்தில் நிற்கின்றன. பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் அதன் நிறத்தையும் விலையையும் பார்த்தபின், குனிந்து அந்தச் சிறு கட்டையையும் ஒருமுறை பார்ப்பார்களாக. அடுத்த திருவிழாவிலே தேர் அசையும்போது, வடம் பிடிக்கும் கைகளைப் பார்த்த கண்ணால், முட்டுக்கட்டை பிடிக்கும் கைகளையும் பார்ப்போமாக.